இருபத்துநாலு மெட்டும் ஒரு பி.காமும்

ஒரு பொருளைக் கெடுக்க மழை, கரையான், எலி என்று பல வழிகள் உண்டு. எல்லாவற்றையும் விட வேகமானது, வீட்டில் ஒரு பி.காம் இருப்பது. அந்த பி.காம் அடியேன்தான்.

திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீடு. முன்பக்கம் காங்க்ரீட், பின்பக்கம் ஷீட். அந்த ஷீட் ரூமில் உடைந்த சைக்கிள், கல்யாணத்தில் வந்த பித்தளை அண்டா, எலாஸ்டிக் ரோல்கள் இவற்றோடு எட்டு வருஷமாக ஒரு பெரிய மூட்டையும் இருந்தது. பனியன் வேஸ்ட் துணியால் சுற்றி, மேலே பெட்ஷீட் போர்த்தி, ஆஸ்பத்திரியில் பேஷண்ட் படுத்திருப்பது மாதிரி.

போன மாசம் எங்கள் ஆறு வயசுப் பெண் கேட்டாள்.

"அப்பா, அதுக்குள்ள யாரு இருக்கா?"

"வீணை கண்ணு. உங்கம்மாவோடது."

"அம்மாவுக்கு வீணை வாசிக்கத் தெரியுமா?"

சமையல் ரூமில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் ஒரு விநாடி நின்றது. பிறகு மறுபடி ஆரம்பித்தது. நான் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஏனென்றால் அந்த வீணையைக் கொலை செய்தது நான்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருஷம் வீணை கற்றுக்கொண்டவள் என் மனைவி. மாமனார் கரூரில் விவசாயி. ஒரு ஜோடி மாட்டை விற்று, தஞ்சாவூர் போய் வாங்கி வந்த வீணை. 'இடைஞ்சலா இருக்கு' என்று அதை ஷீட் ரூமுக்கு அனுப்பியவன் நான். அந்த சித்திரை வெயிலில் ஷீட் தோசைக்கல் ஆனது. வீணையில் மெட்டுகள் என்று பித்தளைக் கம்பிகள் இருக்குமே, அவை மரத்தில் ஆணியடித்து நிற்பவை அல்ல. கறுப்பு மெழுகில் உட்கார்ந்திருப்பவை. மெழுகு இளகியது. திடீர் பிரேக் போட்ட டவுன் பஸ் மாதிரி இருபத்துநாலு மெட்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன.

பார்த்துவிட்டு அவள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். திட்டவில்லை என்பதால் ரோஷம் வந்துவிட்டது. அவள் ஊருக்குப் போயிருந்த இரண்டு நாளில் ரிப்பேர் வேலையில் இறங்கினேன். மெழுகை எல்லாம் சுரண்டி எடுத்தேன். மெட்டுகள் இருந்த பழைய தடம் தெரிந்தது. ஒரு முனையில் அகலம் அகலமாக, மறுமுனைக்குப் போகப் போக நெருக்கமாக. செய்தவர் அவசரத்தில் இடம் போதாமல் கடைசியில் நெருக்கி வைத்துவிட்டார், செக்கிங்கில் யாரும் கவனிக்கவில்லை என்று முடிவு செய்தேன். ஸ்கேல் எடுத்தேன். நீளத்தை இருபத்துநாலால் வகுத்தேன். மில்லிமீட்டர் சுத்தமாகச் சம தூரத்தில், எதையும் ஒட்டும் பசையால் ஒட்டினேன்.

ஊரிலிருந்து வந்தவள் உட்கார்ந்தாள். ஒரு தடவை மீட்டினாள். அடுத்த மெட்டு. அதற்கடுத்தது. அப்புறம் வீணையைக் கீழே வைத்துவிட்டு, "குக்கர் வெச்சிருக்கேனுங்க" என்று எழுந்து போனாள். குக்கர் வைக்கவில்லை. அதன்பிறகு அவள் வீணையைத் தொடவில்லை. எட்டு வருஷம்.

பெண் கேட்ட கேள்விக்கு அப்புறம் எனக்கு இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. மூன்றாம் நாள், 'கம்பெனி விஷயமா திருச்சி போறேன்' என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு மயிலாடுதுறை ஜன சதாப்தியில் ஏறினேன். வீணையோடு ரயிலில் போவது கைக்குழந்தையோடு போவதை விடக் கஷ்டம். குழந்தைக்காவது யாராவது இடம் கொடுப்பார்கள். எதிர் சீட்டுக்காரர், "கச்சேரிங்களா?" என்றார். "பிராயச்சித்தமுங்க" என்றேன். அப்படி ஒரு ஊர் எங்கே இருக்கிறது என்று ஈரோடு வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தார்.

தஞ்சாவூரில் விசாரித்து விசாரித்து ஒரு சந்துக்குள் சின்னப் பட்டறையைப் பிடித்தேன். தரையெல்லாம் மஞ்சள் மரத்தூள். சுவரோரம் தலையில்லாத வீணைகள், உடம்பில்லாத யாளி முகங்கள். எழுபது வயசு இருக்கும், ஒரு பெரியவர் உளியோடு உட்கார்ந்திருந்தார். மூட்டையைப் பிரித்ததும் மெட்டுகளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"யார் தம்பி இந்த வேலையப் பார்த்தது?"

"யாரோ ஒரு கார்பெண்டருங்க."

"கார்பெண்டர் இந்தத் தப்புப் பண்ண மாட்டான். படிச்சவன் யாரோ பண்ணியிருக்கான்."

சரணடைந்தேன். சிரித்தார். "மரத்துக்கு ஒண்ணும் ஆகலை. குடம் விரிசல் இல்லை. மேளம்தான் புதுசாக் கட்டணும். ரெண்டு நாள் ஆகும்" என்றார். மெழுகில் மெட்டு வைப்பதற்கு அவர்கள் பாஷையில் மேளம் கட்டுவது என்று பெயர். லாட்ஜில் ரூம் போட்டேன். பகலெல்லாம் பட்டறையில் உட்கார்ந்துகொண்டேன்.

வீணைக்குப் பலா மரம்தான். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்குத் தனி மரியாதை. கனம் குறைவு, பூச்சி சீக்கிரம் அண்டாது, நாதம் நிற்கும். குடத்தை உள்ளே குடைந்து குடைந்து மெல்லிசாக்க வேண்டும். குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே மரத்தில் வந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. முன்பு ஓரங்களில் தந்தம் பதிப்பார்கள். தந்த வியாபாரத்துக்குத் தடை வந்தபின் பிளாஸ்டிக் வந்தது. இடது பக்கம் தொங்கும் சுரைக்காய்கூட இப்போது பல வீணைகளில் காகிதக் கூழ் அல்லது ஃபைபர். குதிரைமேல் ஒரு வெண்கலத் தகடு உண்டு. அதை லேசாக வளைவாக அராவ வேண்டும். ஒரு இழுப்பு அதிகமானால் தந்தி இரையும், குறைந்தால் ஊமையாகும். இதற்கு அளவு ஏதாவது உண்டா என்று கேட்டேன். காதைத் தொட்டுக் காட்டினார்.

எங்கள் ஊரில் ஒரு பனியன் வெளியே வர கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங், அயனிங், பேக்கிங் என்று பத்துக் கை மாறும். இங்கே ஒரே ஜோடிக் கைதான் மரம் அறுப்பதில் ஆரம்பித்துத் தந்தி கட்டுவது வரைக்கும். தேய்த்த இடத்தையே உப்புத்தாளால் மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். "போதுங்களேய்யா, பளபளன்னுதான இருக்கு" என்றேன். "உங்க கண்ணுக்குப் போதும் தம்பி. அவங்க முழங்கை இங்கதான் உரசும்" என்றார்.

இரண்டாம் நாள் என் பசையைச் சுரண்டி எறிந்துவிட்டு, தேன்மெழுகில் கரித்தூள் கலந்து காய்ச்சினார். தண்டியின் இரு ஓரமும் மெழுகுச் சுவர் எழுப்பி, மெட்டுகளை ஒவ்வொன்றாக உட்கார வைத்தார். மீட்டுவார், தலையாட்டுவார், மயிரிழை நகர்த்துவார், மறுபடி மீட்டுவார். நான் அழித்த அதே பழைய தடம்! அகலமாக ஆரம்பித்து நெருக்கமாக முடிந்தது. அப்போதுதான் என் மண்டைக்குள் லெட்ஜர் திறந்தது.

சார், இது தேய்மானக் கணக்கு! தந்தியின் முழு நீளம் 100 என்று வையுங்கள். முதல் மெட்டில் மிச்சம் சுமார் 94.4. அடுத்ததில் 89.1. ஒவ்வொரு தடவையும் மிச்சம் இருப்பதில் சுமார் 5.6 சதவீதம் குறைகிறது. பன்னிரண்டாவது மெட்டில் சரியாகப் பாதி, 50. அங்கே மேல் ஸ்தாயி ஸட்ஜம். இருபத்துநாலாவதில் 25. பி.காம் முதல் வருஷத்தில் படித்த குறைந்துசெல் இருப்பு முறை! நான் போட்டதோ நேர்க்கோட்டு முறை. என் கணக்கில் பன்னிரண்டாவது மெட்டில் மிச்சம் 62.5. ஸட்ஜம் வரவேண்டிய இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பரீட்சையில் இரண்டு முறைக்கும் வித்தியாசம் எழுதி எட்டு மார்க் வாங்கியவன் நான். வீட்டில் கோட்டை விட்டேன்.

இதைப் பெரியவரிடம் உற்சாகமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "சரிதான் தம்பி. ஆனா உங்க கணக்கு கிட்டத்துல கொண்டு போய் விடும். உட்கார வைக்கிறது காதுதான். அதுக்குத்தானே மெழுகு? கிட்டார்ல மெட்ட மரத்துல அடிச்சிடுவான். இதுல தந்தி, மரம், வாசிக்கிறவங்க கை, எல்லாத்துக்கும் தக்கபடி நகர்த்தணும்."

17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் இந்த இருபத்துநாலு மெட்டு நிலைபெற்றது என்பார்கள். அதற்கு முன்னால் ராகத்துக்குத் தக்க மெட்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்களாம். 2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, பனியனுக்கு ஐந்து சதவீதம் போட்ட சர்க்கார், கையால் செய்கிற நம் நாட்டு இசைக்கருவிகளுக்கு வரி வேண்டாம் என்று விட்டது. "அதனால உங்களுக்கு லாபம்தானுங்களே?" என்றேன், கமர்ஸ் புத்தியோடு.

"வரி இல்லை. செய்றதுக்கு ஆளும் இல்லை" என்றார். "எம் பையன் உங்க ஊர்லதான் இருக்கான். செக்கிங். சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளம் கரெக்டா வந்துடுமாமே?"

"வந்துடுமுங்க."

"நல்ல ஊரு" என்று சொல்லிவிட்டு மெழுகைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அந்த 'நல்ல ஊரு'வில் பொறாமை இருந்ததா, வருத்தம் இருந்ததா? காது போதாத ஆசாமி நான். தெரியவில்லை.

சாயங்காலம் கடைசி வேலை. வாசிக்கிற தந்தி நாலு, தாளத்துக்கு மூணு. கட்டப்போகும்போது கேட்டார்.

"அவங்களுக்கு என்ன சுருதி? அதுக்குத் தக்க தந்தி போடணும்."

முழித்தேன். என் மனைவியின் செருப்பு சைஸ் தெரியும். ரேஷன் கார்டு நம்பர் மனப்பாடம். சுருதி?

"போன் பண்ணிக் கேளுங்க. வேற வழியில்லை."

ரகசியம் போச்சு. போட்டேன்.

"ஏம்புள்ள... நீ வீணை வாசிப்பியல்ல... அதுக்கு சுருதி எத்தனை?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எட்டு வருஷம் ஆயிற்று, மறந்திருப்பாள், யோசிக்கிறாள் என்று நினைத்தேன். பின்னால் பட்டறையில் பெரியவர் ஒரு தந்தியைத் தட்டினார். போன் வழியாக அது கேட்டிருக்க வேண்டும்.

"மூணு கட்டை" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "திருச்சியில கம்பெனி விஷயம் முடிஞ்சுதுங்களா மாமா?"

யோசிக்கவே இல்லை அவள். யோசித்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான், எட்டு வருஷமாக, அவள் மறந்துவிட்டாள் என்று.

ராத்திரி வீடு வந்து சேர்ந்தபோது பெண் தூங்கவில்லை. ஹாலில் பாய் விரித்திருந்தது. மனைவி எதுவும் பேசாமல் பிரடைகளைத் திருகிச் சுருதி சேர்த்தாள். இருபது நிமிஷம் ஆனது. பெண், "இதுதான் பாட்டாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். அப்புறம் ஸட்ஜம். அதன்பிறகு விரல் மேலே நகர்ந்தது. சில இடங்களில் தடுமாறினாள், நிறுத்தினாள், திரும்ப வந்தாள். விரல் நுனியில் பழைய காய்ப்பு போய்விட்டதால் வலிக்கிறது என்றாள். ஆனால் நிறுத்தவில்லை. எதிர்வீட்டு ஓவர்லாக் மிஷின் சத்தம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

பன்னிரண்டாவது மெட்டில் விரலை வைத்து ஒரு தடவை மீட்டி, என்னைப் பார்த்தாள்.

"சரியா இருக்குதுங்க."

பி.காமில்கூட நான் இவ்வளவு நல்ல மார்க் வாங்கியதில்லை.

இப்போது வீணை ஹாலில், ஜன்னல் வெயில் படாத மூலையில் இருக்கிறது. அந்த மூலையில் இருந்த என் மேஜை, கணக்கு நோட்டு, கால்குலேட்டர் எல்லாம் ஷீட் ரூமுக்குப் போய்விட்டன. இந்தக் கட்டுரையையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வேர்த்துக் கொட்டுகிறது. பரவாயில்லை சார். என்னில் உருகுகிற மாதிரி மெழுகு எதுவும் கிடையாது.