அளவைக் குறைப்பவர்கள்

எங்கள் சங்கரன்கோவில் தெருக்களில் நம் பிள்ளைகள் ராப் பாடல்களை முணுமுணுத்துத் திரிகிறார்கள். பெரியவர்களோ, "இசையே கூடாது, பிறகென்ன பேச்சு?" என்று முடித்துவிடுகிறார்கள். இசை பற்றிய சட்டத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். அப்பாடல்களைச் சூழ்ந்துள்ள அநீதியைப் பற்றி நாம் மௌனம் காக்க அது காரணமாகாது.

1973 ஆகஸ்டில், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பின இளைஞர்களிடையே ஹிப் ஹாப் பிறந்தது. அது சந்தைக்கு வந்தபோது உலகம் அவர்களின் தாளத்தையும் உடையையும் எடுத்துக்கொண்டது. துயரத்தை மட்டும் அவர்களிடமே விட்டுவைத்தது. பண்பாட்டு அபகரிப்பு என்பது இதுதான்.

நம் மண்ணிலும் இது நிகழ்ந்தது. 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' பாடலை எழுதி, தீயுடன் இணைந்து பாடியவர் அறிவு. சாதிக்கெதிராகப் பாடும் தலித் கலைஞர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் நினைவுகளே அப்பாடலின் வேர். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். அறிவுக்கான இணைய அட்டை அதன் பிறகே வந்தது.

இதற்கும் மார்க்கத்திற்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? மத்யன் மக்களை ஷுஐப் (அலை) எச்சரித்தது தராசைப் பற்றி மட்டுமன்று. மனிதருக்கு உரியதைக் குறைப்பதைப் பற்றியும்தான். விசைத்தறியில் நெய்தவரின் கூலியைக் குறைப்பது மோசடி என்றால், பாட்டை ஆக்கியவரின் பெயரை மறைப்பது மட்டும் எப்படி நேர்மையாகும்?

"இஸ்லாத்தில் நிறபேதம் இல்லை" என்று மேடையில் முழங்குகிறோம். வீட்டுக்கு வந்ததும் "பெண் சிவப்பா?" என்று கேட்கிறோம். கறுத்த பிள்ளைக்கு நிறத்தையே பட்டப்பெயராக்குகிறோம். அபூதர் (ரலி) ஒருவரை அவர் தாயைச் சொல்லி இழித்தபோது, அறியாமைக் காலத்தின் குணம் உம்மிடம் இன்னும் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டார்கள். அத்தகைய நபித்தோழருக்கே அந்தக் கண்டிப்பு என்றால், நாம் எம்மாத்திரம்?

ஆகவே பெற்றோரே, பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்குமுன் அருகில் அமருங்கள். "இதை ஆக்கியவர் யார்? அவருக்கு உரியது கிடைத்ததா?" என்று கேளுங்கள். அதற்கும் முன்பாக, அந்தப் பட்டப்பெயரை உங்கள் நாவிலிருந்து அகற்றுங்கள். பாடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.