குதிரைச் சக்தியும் குட்டி யானையும்

ஆம்பூர்க் கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடை வாசலில் நம் காதில் விழுந்த சம்பாஷணையே இந்த வாரத்து விஷயம். பெஞ்சியின் ஒரு கோடியில், தோல் பாரம் ஏற்றி இறக்கியே தலை நரைத்துப்போன ஒரு பெரியவர். மறு கோடியில், வங்கிக் கடனில் முதல் வண்டி வாங்கக் கிளம்பியிருக்கும் ஓர் இளைஞர்.

"பாய், புது பெட்ரோல் வண்டி முப்பது குதிரையாம். பழைய டீசல் பதினாறுதானே? இதையே எடுத்துடட்டுமா?" என்றார் இளைஞர்.

"குதிரை கிடக்கட்டும் தம்பி. இழுவை எவ்வளவு? அது எந்தச் சுற்றிலே வருது? கேட்டியா?" என்றார் பெரியவர்.

இளைஞர் விழித்தார். உண்மையை ஒளிப்பானேன்? நாமும் விழித்தோம்.

பேச்சுக்கு ஆளான வண்டியை நேயர்கள் அறிவார்கள். 2005-ம் வருஷத்தில் டாட்டா கம்பெனியார் வெளியிட்ட 'ஏஸ்' வண்டிதான் அது. கிரீஷ் வாக் என்பவரின் தலைமையில், நம் நாட்டுச் சந்துகளுக்கும் நம் நாட்டுப் பாரங்களுக்கும் ஏற்றதாக நம்மவர்களே வகுத்த வண்டி. தமிழ்நாட்டார் அதற்குக் 'குட்டி யானை' என்று நாமகரணம் செய்துவிட்டார்கள். யானையின் பலத்தைக் குதிரையைக் கொண்டு அளக்கும் விந்தை அன்று முதல் நடந்து வருகிறது.

குதிரைக் கணக்கை ஏற்படுத்தியவர் ஜேம்ஸ் வாட். தம் நீராவி யந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குவோருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிஷத்தில் ஓரடி தூக்கினால் அது ஒரு குதிரைச் சக்தி என்று வகுத்தார். இதில் எடை மட்டும் இல்லை; நேரமும் இருக்கிறது. எவ்வளவு வேகமாக வேலை நடக்கிறது என்பதே குதிரைச் சக்தி.

முறுக்கு விசை என்பது வேறு. (வாயில் போட்டு நொறுக்கும் முறுக்கு அல்ல.) அச்சைத் திருகும் பலம் எவ்வளவு என்பதே அது. வட ஆர்க்காட்டுக் கிணறுகளில் முன்பு கவலை இறைத்த காளைகளை நினைத்துப் பாருங்கள். தோல் சால் நிறையத் தண்ணீரைக் காளைகள் சரிவில் இறங்கி இழுத்தன. கயிற்றில் ஏறிய பலம் உருளையைத் திருப்பியதல்லவா, அந்தத் திருகல் முறுக்கு விசை. ஒரு மணியில் எத்தனை சால் மேலே வந்தது என்பது குதிரைச் சக்தி. காளை அசையாமல் நின்று இழுத்தாலும் கயிற்றில் பலம் உண்டு. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது.

இரண்டையும் இணைக்கும் கணக்கு எளிது. முறுக்கு விசையை நியூட்டன் மீட்டரில் எழுதுங்கள், நிமிஷத்துச் சுற்றுக்களால் பெருக்குங்கள், 7,000-ஆல் வகுங்கள். குதிரைச் சக்தி ஏறக்குறைய வந்துவிடும்.

முதலில் வந்த டீசல் குட்டி யானைக்கு 702 சி.சி. எஞ்சின், 3,200 சுற்றில் 16 குதிரை, 2,000 சுற்றில் 38 நியூட்டன் மீட்டர். பின்னால் வந்த 694 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு 4,000 சுற்றில் 30 குதிரை. 2,500 சுற்றில் 55 நியூட்டன் மீட்டர். கணக்குப் போட்டால், 2,500 சுற்றில் ஓட்டுகிறவருக்கு 20 குதிரைகூடக் கிடைப்பதில்லை. மீதிப் பத்தும் லாயத்தில் நின்றுகொண்டிருக்கும். மாருதியாரின் 'சூப்பர் கேரி' வண்டிக்கு வந்த 1,196 சி.சி. பெட்ரோல் எஞ்சினின் கதையும் அதுவே. 6,000 சுற்றில் சுமார் 73 குதிரை. ஆனால் 98 நியூட்டன் மீட்டர் தரும் 3,000 சுற்றில் 42 குதிரைதான்.

அமெரிக்கா தேசத்திலும் இதே வழக்குத்தான். 2011-ம் வருஷத்து ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் பெட்ரோல் எஞ்சின்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு 360 குதிரை. ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சினுக்கு 365. வித்தியாசம் ஒன்றுமில்லை எனலாம். ஆனால் பெரியதன் முழு முறுக்கு விசையான 515 நியூட்டன் மீட்டர் 4,250 சுற்றில் வந்தது. சிறியதன் 569 நியூட்டன் மீட்டரோ 2,500 சுற்றிலேயே வந்துவிட்டது. பாரவண்டி இழுப்போருக்கு அதுவே பெரிய வித்தியாசம்.

அப்படியானால் முறுக்கு விசைதான் எல்லாமா? இல்லை. ஏதாவதொரு தோல் ஷாப்புக்குள் எட்டிப் பாருங்கள். தோலும் தண்ணீரும் நிறைந்த பெரிய மர டிரம் நிமிஷத்துக்குப் பத்துச் சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் திருப்பும் 10 குதிரை மோட்டார் 1,440 சுற்றில் ஓடுகிறது. மோட்டாரின் முறுக்கு விசை 50 நியூட்டன் மீட்டர்கூட இல்லை. பெட்ரோல் குட்டி யானையை விடக் குறைவு! ஆனால் பெல்ட்டும் பல்சக்கரமும் வேகத்தை 144 பங்கு குறைப்பதால், உராய்வில் போவது நீங்கலாக, டிரம்முக்கு 7,000 நியூட்டன் மீட்டர் போய்ச் சேருகிறது. முறுக்கு விசையைப் பல்சக்கரத்தால் பெருக்கிக்கொள்ளலாம். குதிரைச் சக்தியை எந்தச் சக்கரத்தாலும் பெருக்க முடியாது.

பேர்ணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகும் மலைப்பாதையை எண்ணிப் பாருங்கள். வண்டியும் பாரமும் ஒன்றரை டன். பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவு. தக்க கியர் இருந்தால், 16 குதிரையில் மணிக்குச் சுமார் 20 கிலோ மீட்டர் ஏறலாம். 30 குதிரையும் உழைத்தால் 40 வரை போகலாம். ஆனால் அதற்கு எஞ்சினை 4,000 சுற்றில் கதறவிட வேண்டும். அந்தச் சத்தம் பொறுக்காமல் பெரிய கியரிலேயே நின்று, பாதி கிளட்சை மிதித்து ஏற்றுகிறவர், குதிரைகளை வீணாக்குவதோடு கிளட்சையும் எரிக்கிறார்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 'வெட் புளூ' தோலின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றச் சொல்லும் முதலாளிகள், "இழுக்கிறதே!" என்கிறார்கள். இழுக்கும், ஏறவும் ஏறும். ஆனால் மலையிறங்கும்போது நிறுத்த வேண்டியது முறுக்கு விசையல்ல, பிரேக். பாரத்தோடு பிரேக் வளர்வதில்லை. கிளட்சு போனால் கடன் தவணையோடு போயிற்று. பிரேக் போனால் குடும்பமே போயிற்று. நஷ்டம் இரண்டிலும் ஓட்டுகிறவருக்கே அன்றி, ஏற்றச் சொன்னவருக்கு அல்ல.

ஆகையால் வண்டி வாங்கப்போகும் இளைஞர்களுக்கு நமது யோசனை இதுதான். நெடுஞ்சாலையில் இலேசான பாரத்தோடு வேகமாகப் போக வேண்டுமா? குதிரையைக் கேளுங்கள். சந்திலும் சரிவிலும் நின்று நின்று புறப்பட வேண்டுமா? முறுக்கு விசையையும், அது வரும் சுற்றையும், முதல் கியரையும் கேளுங்கள். எதை வாங்கினாலும், எவ்வளவு பாரம் என்று வண்டியின் தகட்டில் அடித்திருப்பதை முதலில் படியுங்கள்.

தேநீர்க் கடைப் பெரியவர் இதையெல்லாம் எந்தப் புஸ்தகத்திலும் படித்தவரல்லர். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பாரம் ஏற்றி ஒருதரம் மேட்டிலே ஓட்டிப் பாரு தம்பி, அப்புறம் கையெழுத்துப் போடு" என்றார். நாம் எழுநூறு வார்த்தையில் சொன்னதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.