நகை போட்டார், சோறு போடவில்லை

காலை ஐந்தரை மணிக்கு வரும் போன் நல்ல சேதி சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் அப்படித்தான்.

"மாமா, திண்டிவனம் தாண்டி வண்டி நின்னுடுச்சு. பானெட்லேருந்து ஆவியா வருது."

பேசியது என் மனைவியின் தம்பி. நின்றது ஒரு ஜெர்மன் கார். கம்பெனிப் பெயர் வேண்டாம். தப்பு கம்பெனி மேல் இல்லை. பன்னிரண்டு வயது, மூன்றாவது கை. புதிதாக வந்தபோது அரைக் கோடியைத் தொட்ட வண்டி. அதைப் புது ஸ்விஃப்ட் ஒன்றின் விலைக்கு வாங்கியிருந்தான். வாங்கின மூன்றே மாதத்தில் பெரிய அலாய் வீல், உறுமும் எக்ஸாஸ்ட், எஞ்சினை முறுக்கேற்ற ரீமேப் என்று இரண்டரை லட்சம் செலவு. தெருமுனையில் அவன் திரும்பும்போதே எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி நடுங்கும்.

கட்டி இழுத்துச் சென்னைக்குக் கொண்டுவந்தோம். மெக்கானிக் பாய் குனிந்து பார்த்தார். கூலன்ட் வைக்கிற பிளாஸ்டிக் டேங்கில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி வண்டிக்கு நகை போட்டிருக்காரு சார். சோறு போடலை."

பழைய ஜெர்மன் வேக வண்டிகளைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

'ஜெர்மன் கார் பழசானால் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை' என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பாதி நிஜம். வண்டியின் விலை வருஷா வருஷம் இறங்கும்; உதிரி பாகத்தின் விலை இறங்காது. அரைக் கோடி காரின் பிரேக் டிஸ்க், அதை நீங்கள் எட்டு லட்சத்துக்கு வாங்கினாலும், அரைக் கோடி காரின் பிரேக் டிஸ்க்தான். இந்தக் கணக்கைப் போடாமல் வாங்குகிறவன்தான் பிறகு வண்டியைத் திட்டுகிறான்.

அந்த டேங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கிற திரவம், உள்ளே அழுத்தம். தினமும் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, பத்து வருஷத்தில் பிளாஸ்டிக் அப்பளமாகிவிடும். என்றைக்காவது உடையும். உடைந்தது தெரியாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால் எஞ்சினின் அலுமினிய ஹெட் வளையும், செலவு லட்சத்தில். அதனால் விவரம் தெரிந்தவர்கள் உடையும்வரை காத்திருப்பதில்லை. டேங்க், ஹோஸ், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் முன்கூட்டியே மொத்தமாக மாற்றிவிடுவார்கள். என் மைத்துனன் ரீமேப்புக்குக் கொடுத்த காசில் இதை முடித்திருக்கலாம்.

கம்பெனிகளும் உத்தமர்கள் இல்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயை 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று பி.எம்.டபிள்யூ. பல வருஷம் சொல்லிவந்தது. அந்த கியர்பாக்ஸ்களில் பெரும்பாலானவற்றைச் செய்துகொடுத்த இசட்.எஃப். கம்பெனியோ, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்துக்குள் மாற்றச் சொல்கிறது. ஆயுள் என்றால் யார் ஆயுள்? முதல் முதலாளி விற்றுவிட்டுப் போகும்வரை உள்ள ஆயுள். மூன்றாவது கையில் வாங்குகிற நம் ஆள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

மாற்றம் செய்வதே பாவம் என்று சொல்ல வரவில்லை. வரிசைதான் முக்கியம். 2000 முதல் 2006 வரை வந்த ஈ46 எம்3 என்ற பி.எம்.டபிள்யூவைப் பாருங்கள். 3.2 லிட்டர், ஆறு சிலிண்டர், 343 குதிரை சக்தி. நிமிஷத்துக்கு 8,000 சுற்று சுற்றும். அதற்கு 10டபிள்யூ-60 என்ற தனி எண்ணெய் ஊற்ற வேண்டும். வால்வு இடைவெளியைக் குறித்த கெடுவில் அளந்து சரிசெய்ய வேண்டும். முக்கியமான பலவீனம் ஒன்றும் உண்டு: பின் ஆக்ஸிலைத் தாங்குகிற தரைத் தகட்டில் விரிசல் விழும். விஷயம் தெரிந்தவன் முதலில் வண்டியைத் தூக்கிப் பார்க்கிறான். விரிசல் இருந்தால் வெல்டிங் வைத்து, தகடு சேர்த்து பலப்படுத்துகிறான். அப்புறம்தான் சஸ்பென்ஷன், அப்புறம்தான் அகல டயர். தெரியாதவன் தலைகீழாகச் செய்கிறான். டயர் தரையை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். தரைத் தகடு கிழியும்.

ஜெர்மன்காரர்கள் பிறக்கும்போதே பொறுப்போடு பிறந்தவர்களா? இல்லை. அங்கே ஒருவன் வந்து எட்டிப் பார்க்கிறான், அவ்வளவுதான். 1865-ல் மான்ஹைம் நகரில் ஒரு மதுபான ஆலையின் கொதிகலன் வெடித்தது. அடுத்த வருஷமே கொதிகலன் வைத்திருந்தவர்கள் சங்கம் சேர்ந்து, தங்கள் கொதிகலன்களைத் தாங்களே சோதித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அந்த வழியில் வளர்ந்ததுதான் இன்று வண்டிகளைச் சோதிக்கும் 'ட்யூஃப்' அமைப்பு. புதுக் காருக்கு மூன்றாவது வருஷம் முதல் பரிசோதனை. அதன்பின் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. அடியில் துரு, பிரேக், ஸ்டியரிங், புகை எல்லாம் பார்ப்பார்கள். தேறாவிட்டால் சரிசெய்துகொண்டு மறுபடி வர வேண்டும். மாற்றம் செய்யலாம், ஆனால் பொருத்துகிற பாகத்துக்கு அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும். தேவைப்பட்டால் பரிசோதகர் பார்த்து வண்டியின் ஆவணத்தில் பதிந்து தருவார். ஆபத்தை உண்டாக்குகிற மாற்றத்தைத் திருட்டுத்தனமாகச் செய்தால் வண்டி ஓடும் அனுமதியே போய்விடும்.

முப்பது வயதைக் கடந்து, பழைய தோற்றத்தோடு நல்லபடியாகப் பராமரித்த வண்டி என்றால் இன்னும் விசேஷம். நம்பர் பிளேட்டின் கடைசியில் 'எச்' என்ற எழுத்து. 1997 முதல் இருக்கிற ஏற்பாடு. எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் ஆண்டு வரி ஒரே தொகை: 191.73 யூரோ. வயதானவருக்கு பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிற மரியாதை இது.

இங்கே? தனியார் காரை முதல் பதினைந்து வருஷம், புகைச் சான்றிதழ் தவிர, யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பிரேக் இருக்கிறதா, டயரில் நூல் தெரிகிறதா, யாருக்கும் கவலை இல்லை. பதினைந்து முடிந்ததும் திடீரென்று அது குற்றவாளி. 600 ரூபாயாக இருந்த மறுபதிவுக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில், இருபது வருஷம் தாண்டிய காருக்கு 10,000. அதுவே வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கார் என்றால் 80,000. பணம் கட்டினால் கிழவன் குமரனாகிவிடுவானா?

டெல்லியில் இன்னும் மோசம். பத்து வருஷ டீசல், பதினைந்து வருஷ பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்ற தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அவற்றுக்குப் பெட்ரோல், டீசலே கிடையாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் நிறுத்தினார்கள். அந்த வருஷமே நீதிமன்றமும் பிடியைத் தளர்த்தியது.

"காற்று கெடுகிறதே, டெல்லிக் குழந்தைகளின் நுரையீரலை நினைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வடிகட்டி இல்லாத பழைய டீசல் வண்டி நிச்சயமாக நஞ்சைக் கக்கும். கக்குகிறதா என்று குழாயில் கருவியை வைத்து அளந்து, கக்கினால் நிறுத்துங்கள். என் மைத்துனன் வண்டியானாலும் நிறுத்துங்கள். ஆனால் புதுசு என்றால் சுத்தம் என்பது மூடநம்பிக்கை. 2015-ல் ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா? உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் வண்டிகளில், சோதனைச் சாலையில் மட்டும் யோக்கியமாக நடந்துகொள்ளும் மென்பொருள். சாலைக்கு வந்தால், சில வண்டிகள் நைட்ரஜன் ஆக்சைடுகளை வரம்பைப் போல 40 மடங்கு வரை கக்கின. அமெரிக்காவில் பிடிபட்ட வண்டிகளில் ஒன்றுக்குக்கூடப் பத்து வயது ஆகியிருக்கவில்லை. வயதைப் பார்க்கும் சட்டத்தில் அத்தனையும் பாஸ்!

மாற்றங்கள் விஷயத்திலும் இதே கதைதான். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டி மாறக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி. ஆனால் காது கிழியும் சைலன்ஸர் கடை நடுரோட்டில் நடக்கிறது. நல்ல பிரேக்கைப் பொருத்தி முறையாகச் சான்று வாங்க நினைப்பவனுக்குத்தான் போக வழி இல்லை. எல்லாவற்றுக்கும் தடை என்றால், சோதனை எதற்கும் இல்லை என்று அர்த்தம்.

மைத்துனன் திருந்திவிட்டான். குளிரூட்டும் சமாசாரம் முழுக்க மாற்றினான், கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றினான், ரீமேப்பை எடுத்தான். எக்ஸாஸ்டை விற்றுப் புது டயர் போட்டான். இப்போது வண்டி சத்தமில்லாமல் வருகிறது, சத்தமில்லாமல் போகிறது. ஜன்னல் கண்ணாடியும் பிழைத்தது.

இன்னும் மூன்று வருஷத்தில் அவன் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டும். அங்கே வண்டிக்கு என்ன வயசு என்று கேட்பார்கள். சோறு போட்டாயா என்று கேட்க மாட்டார்கள்.