நிமிர்ந்து உட்காருன்னு சொன்னா போதுமா?

ஓசூர்ல வளர்ந்தவனுக்கு ஒரு சௌகரியம். "நிமிந்து உக்காரு"ங்கிற திட்டை மூணு பாஷையில வாங்கலாம். வீட்ல தமிழ், தெருவுல தெலுங்கு, அத்திப்பள்ளி தாண்டினா கன்னடம். மூணுலயும் வாங்கியாச்சு. முதுகு இன்னும் கேள்விக்குறி மாதிரிதான் இருக்கு :-)

போன மாசம் ஆபீஸ்ல (பேர் வேணாமே) எர்கனாமிக்ஸ் பயிற்சி. 40 ஸ்லைடு. முதுகு 90 டிகிரி, முட்டி 90 டிகிரி. பத்து நிமிஷம் எல்லாரும் பரேடுல நிக்கிற மாதிரி விறைப்பா இருந்தோம். டீ குடிச்சுட்டு வந்தா பழைய குருடி கதவைத் திறடி.

என் கட்சி இதுதான்: உடம்புக்குச் சொல்லித் தர்றது வாயால ஆகாது, கையாலதான் ஆகும்.

எஃப்.எம். அலெக்சாண்டர் (1869–1955) ஒரு ஆஸ்திரேலிய நடிகர். மேடையில பேசப் பேச குரல் கட்டிக்கும். கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பார்த்தார். வாயைத் திறந்ததுமே தலையைப் பின்னால இழுக்கிறார். சரி, மாத்துவோம்னு தலையை முன்னால கொண்டுபோறதா நினைச்சு செஞ்சா, கண்ணாடியில அது பின்னாலதான் போகுது! அதாவது ‘நேராத்தான் இருக்கேன்’னு உள்ளே தோணுதே, அந்த உணர்வே கோணல். நம்ம பாஷையில, சென்சார் காலிபிரேஷன் அவுட். அப்புறம் கோடை எத்தனை தடவை திருத்தினா என்ன? அதனாலதான் அவர் பிற்பாடு மத்தவங்களுக்கு கழுத்துலயும் முதுகுலயும் லேசா கை வச்சு சொல்லிக் கொடுத்தார்.

மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) இன்னும் நெருக்கம். ஆள் இன்ஜினியர். பாரிஸ்ல ஜோலியோ-கியூரியோட ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்தவர், ஜூடோக்காரர், முட்டி அடிபட்டவர். கை ஏன் மென்மையா இருக்கணும்ங்கிறதுக்கு அவர் வழியில ஒரு கணக்கு உண்டு. 20 கிலோ மூட்டை தூக்கினவன் மேல ஈ உக்காந்தா எடை கூடினது தெரியாது. உள்ளங்கையில இறகு வச்சிருக்கிறவனுக்குத் தெரியும். அழுத்தினா உடம்பு எதிர்த்து இறுகும். இறுகின உடம்புக்கு சின்ன வித்தியாசம் எதுவும் எட்டாது. அதனால படுக்க வச்சு தோளை சும்மா தாங்கிக்கிறது. தோள் பார்த்துக்கிட்டு இருந்த வேலையை இன்னொரு கை வாங்கிக்கும்போதுதான், ‘இவ்வளவு நேரம் நானா தூக்கிட்டு இருந்தேன்’னு அதுக்கே உறைக்கும்.

மசாஜ்தானேன்னு கேப்பீங்க. இல்லை. 2008-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல, நாள்பட்ட முதுகுவலி உள்ள 579 பேரை வச்சு ஒரு ஆய்வு வந்தது. ஒரு வருஷம் கழிச்சு, வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவங்களுக்கு 4 வாரத்துல 21 நாள் வலி. 24 அலெக்சாண்டர் பாடம் படிச்சவங்களுக்கு 3 நாள். மசாஜ் கிட்டவே வரலை. (ஃபெல்டன்கிரைஸ் முறைக்கு இவ்வளவு பெரிய ஆதாரம் கிடையாது, அதையும் சொல்லிடணும்.)

இது யாருக்கு அதிகம் வேணும்? ஏசியில உக்காந்திருக்கிற எனக்கு இல்லை. சிப்காட்ல ஷிஃப்ட் பூரா ஒரே அசைவைச் செய்யறவங்களுக்கு. இப்ப நம்ம மூணு பாஷையும் பத்தாம இந்தி, ஒடியான்னு லைன்ல அஞ்சாறு பாஷை. போஸ்டரை எதுல அடிப்பாங்க? கைக்கு அந்தப் பிரச்னை இல்லை.

ஆனா கைக்கு வேற பிரச்னை இருக்கு, பெரிய பிரச்னை. அஷ்டாங்க யோகா பட்டாபி ஜோயிஸ் ஆசனத்தைத் திருத்தறேன்னு தகாத இடத்துல தொட்டார்னு பல மாணவிகள் சொன்னாங்க. அவர் போனப்புறம், 2019-ல, பேரன் ஷரத் பகிரங்கமா வருத்தம் தெரிவிச்சார். இங்கே எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள்ல நிறைய பேர் ஹாஸ்டல்ல தங்கி வேலை பார்க்கற சின்னப் பொண்ணுங்க. "கொஞ்சம் தோளைக் காட்டும்மா"ன்னு சூப்பர்வைசர் கிளம்பினா விளங்கினாப்லதான். அதனால லீவும் ஓவர்டைமும் யார் கையில இருக்கோ, அவர் கை மேல படவே கூடாது. முறையா பயிற்சி எடுத்த வெளியாள் வரணும், பெண்களுக்குப் பெண். ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுத்தான் கை வைக்கணும். வேணாம்னு சொன்னவங்க பேரை எங்கேயும் எழுதக் கூடாது.

இதெல்லாம் நடக்கற காரியமான்னு லைன்ல நிக்கிறவங்க யாராவது சொன்னா தேவலை.