தைக்கும் கைக்கு ஒரு துணிச்சுவர்

ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குப் போகும் வழியில் இருக்கிறது திமிரி. வடக்கே பாலாற்றைத் தாண்டினால் ராணிப்பேட்டையின் தோல் தொழிற்சாலைகள். தெற்கே ஆரணியின் பட்டுத்தறிகள். இரண்டுக்கும் நடுவிலுள்ள இந்தப் பேரூராட்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஊசி பிடிக்கத் தெரிந்த பெண்களுக்குக் குறைவில்லை. ஷூ கம்பெனி பஸ் ஏறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அரசும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் இயந்திரம் தருகிறது. மகளிர் குழுக்கள் வழியாகத் தையல் பயிற்சியும் நடக்கிறது. இத்தனையிலும் ஒன்று விடுபட்டுப் போயிருக்கிறது. தைப்பதற்கு முன்னால் துணிகளை அடுக்கி வைத்து, தள்ளி நின்று பார்த்து, பிடிக்காவிட்டால் மாற்றி வைக்க ஓர் இடம் வேண்டும். ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்கள் உலகெங்கும் இதற்கென்றே வீட்டில் ஒரு சுவரை ஒதுக்குகிறார்கள். டிசைன் வால் என்று அதற்குப் பெயர். நாம் துணிச்சுவர் என்று சொல்லிக்கொள்ளலாம். தையல் கற்றுத்தரும் ஒவ்வொரு கூடத்திலும் அப்படி ஒரு சுவர் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

செய்வது எளிது. ஸ்டேஷனரி கடையில் ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத்தில் விற்கும் தெர்மாகோல் அட்டை ஆறு வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் டேப் போட்டு இணைத்தால் இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் பரப்பு கிடைக்கும். கைக்குழந்தையைச் சுற்றி வைக்கிற ஃபிளானல் துணியை அதன்மேல் சுருக்கமில்லாமல் இழுத்து, பின்பக்கம் மடித்து ஒட்ட வேண்டும். பளிச்சென்ற வெள்ளையைவிட மங்கிய சாம்பலோ சந்தன நிறமோ நல்லது. மேலே வைக்கும் துணியின் நிறத்தோடு அது போட்டி போடாது. ஃபிளானலின் மேல் எழுந்து நிற்கும் பஞ்சிழைகள் பருத்தித் துண்டின் இழைகளைப் பற்றிக்கொள்வதால், கையால் லேசாக அழுத்தினாலே துண்டு நிற்கும். எடுத்து வேறிடத்தில் வைத்தாலும் நிற்கும். ஆரணிப் பட்டின் வெட்டுத்துணி நிற்காது, வழுக்கும்; அதற்குக் குண்டூசி வேண்டும், தெர்மாகோல் அந்த ஊசியையும் தாங்கும். ஆசிரியர் பயிற்சி படித்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய சங்கதிதான். படத்தின் பின்னால் உப்புத்தாள் துண்டை ஒட்டி ஃபிளானல் போர்டில் பதித்துப் பாடம் நடத்தியிருப்பார்கள். சுவர் இல்லாத ஒற்றை அறை வீட்டில், பஞ்சு எழும்பிய பழைய போர்வை ஒன்றைக் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டாலும் வேலை நடக்கும்; முடிந்ததும் துண்டுகளோடு சேர்த்துச் சுருட்டி பீரோ மேல் வைத்துவிடலாம். தெர்மாகோல் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பும் விளக்கும் உள்ள பக்கம் அதை வைக்கவே கூடாது.

தரையில் பரப்பிப் பார்த்தால் ஆகாதா, விடியற்காலையில் வாசலில் கோலம் போடுகிற கைக்குச் சுவர் எதற்கு என்று கேட்கலாம். கோலத்துக்குப் புள்ளிக் கணக்கு மனசில் இருக்கிறது. கை அதைப் பின்தொடர்கிறது. துணித்துண்டுகளுக்கு அப்படி முன்கணக்கு கிடையாது. தாம்பூலத்தோடு வந்து பீரோவில் சேர்ந்த பிளவுஸ் பிட், கிழிந்த சுங்குடிப் புடவை, பள்ளிச் சீருடையின் மிச்சம் எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பேசும் என்பது பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தரையில் வைத்துக் குனிந்து பார்க்கும்போது காலடியிலுள்ள துண்டு பெரிதாகவும் எதிர்முனையிலுள்ளது சிறிதாகவும் படுகிறது. ஃபேன் காற்று கலைக்கும், குழந்தை மிதிக்கும். சுவரில் வைத்துவிட்டு எட்டடி பின்னால் போய் நின்றால் மொத்தமும் ஒரே பார்வையில் வருகிறது. அரக்குத் துண்டுகள் எல்லாம் இடது மூலையில் குவிந்து போர்வையே ஒருபக்கம் சாய்ந்த மாதிரி இருப்பது அப்போதுதான் கண்ணில் படும். இரண்டே இரண்டு துண்டுகளை இடம் மாற்றினால் அந்தச் சாய்வு நேராகிவிடும். கூடவே செல்போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால், வேறு வேறு நிறம் என்று நினைத்த பச்சையும் சிவப்பும் ஒரே அடர்த்தியில் ஒன்றாகக் கலந்து கிடப்பது தெரியும். தைத்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

வெட்டுவதற்கு முன் வைத்துப் பார்ப்பதன் அருமை இந்தத் தோல் வட்டாரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் தோலை விரித்ததும், தழும்பு எங்கே, உண்ணி கடித்த தடம் எங்கே, இழுத்தால் நெகிழும் வயிற்றுப்பகுதி எங்கே என்று பார்த்து, டை எனும் வெட்டும் அச்சை அப்படியும் இப்படியும் திருப்பி வைத்த பிறகுதான் வெட்டுகிறார்கள். ஆனால் அந்த டையின் வடிவம் பெரும்பாலும் வெளிநாட்டு பிராண்டிலிருந்து வருகிறது. அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவதற்கு 1970-களின் தொடக்கத்தில் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகே வாணியம்பாடியும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் ஷூவும் பையும் செய்யும் ஊர்களாக வளர்ந்தன. தோல் விற்ற கை பொருள் விற்கும் கையானது பெரிய மாற்றம். இன்னொரு படி பாக்கியிருக்கிறது. ஆம்பூர்ப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில்தான் கூலி. எந்த நிறம், எந்த வடிவம் என்பதில் அவர்களுக்குச் சொல் கிடையாது. நம் பயிற்சிக் கூடங்களும் கொடுத்த அளவுக்கு நேராகத் தைப்பதையே சொல்லித்தருகின்றன. தீர்மானிக்கப் பழகுவதும் தொழிலில் பாதி. அந்தப் பாதியை நாம் தொடவே இல்லை.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரை இங்கே சொல்லியாக வேண்டும். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே கந்தல் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைத்தார்கள். 1966-இல் அந்த வட்டாரப் பெண்கள் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவை அமைத்தார்கள். 1972-இல் சியர்ஸ் நிறுவனத்திடமிருந்து கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. வடிவம் நிறுவனத்துடையது, எல்லா உறையும் ஒரே மாதிரி. வெட்டி மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குப் போயின. அவற்றில் அந்தப் பெண்கள் தங்கள் இஷ்டத்துக்கு அடுக்கித் தைத்தார்கள். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் தொங்கியவை அவர்கள் மனம்போலத் தைத்த போர்வைகள். 2006-இல் அமெரிக்கத் தபால்தலைகளில் இடம்பெற்றவையும் அவையே. அவர்களிடம் ஃபிளானல் சுவர் எதுவும் இல்லையே என்று யாராவது கேட்டால், கேள்வி நியாயமானது. ஆனால் வெயிலில் காயப்போட்ட போர்வைகள் ஊர் பார்க்க வரிசையாகத் தொங்கின. ஒருவர் தைத்ததை மற்றவர் நின்று பார்த்தார். அந்தக் கொடிதான் அவர்களுக்குச் சுவர்.

வேலூர் வெயிலில் போர்வை யாருக்கு வேண்டும் என்பது அடுத்த கேள்வி. போர்வை என்றாலே பஞ்சு திணித்த மெத்தை என்று எண்ண வேண்டாம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் பழந்துணி அடுக்குகளை மட்டுமே வைத்துக் கவந்தி தைக்கிறார்கள். இரண்டு அடுக்குப் பருத்திப் புடவை குழந்தைக்கு விரிப்பாகும்; தலையணை உறை, பை, திரை என்று அதே அடுக்கும் அறிவு எங்கும் செல்லும். செல்போன் செயலியில் அடுக்கிப் பார்க்கலாமே என்றால், திரை நிறத்தைக் காட்டும். நெசவின் கனத்தையும் சாயம் வெளுத்த மென்மையையும் அது காட்டாது. விற்குமா என்பதுதான் கடினமான கேள்வி. சுவர் வைத்ததும் சந்தை வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். தானே வடிவம் யோசிக்காதவளுக்குக் கூலி கேட்கத்தான் முடியும், விலை சொல்ல முடியாது என்பது மட்டும் உறுதி.

திமிரியிலும் சுற்று வட்டாரத்திலும் மகளிருக்குத் தையல் பயிற்சி நடத்துகிறவர்கள் அடுத்த அணி சேருவதற்குள் கூடத்தின் ஒரு சுவரை இதற்கு ஒதுக்கித் தாருங்கள். ஆறு தெர்மாகோல் அட்டை, அதை மூடிப் பின்னால் மடிக்கும் அளவுக்கு ஃபிளானல், ஒரு டப்பா குண்டூசி. பயிற்சியின் முதல் வாரத்தில் மிஷினை மூடி வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டு வந்த துண்டுகளை அவர்களே அந்தச் சுவரில் அடுக்கட்டும்.