கடையடைக்கத் தெரிந்த சங்கம் போதாது

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையிலும் அதையொட்டிய சாலைக் கம்போளத்திலும் கடை வைத்திருப்போருக்குச் சங்கத்துக்குப் பஞ்சமில்லை. கேரளமெங்கும் கிளை பரப்பிய வியாபாரி வியவசாயி ஏகோபன சமிதி, இடதுசாரிச் சார்புடன் இயங்கும் வியாபாரி வியவசாயி சமிதி என்று வணிகருக்காகப் பேசும் அமைப்புகள் வலுவாகவே உள்ளன. வரி உயர்ந்தால் மனுக் கொடுக்கவும், மனு பலிக்காவிட்டால் கடையடைக்கவும் அவை நன்கு அறியும். ஆனால் கடைப்படியைத் தாண்டியதும் தொடங்கும் ஓடை, நடைபாதை, தீ அபாயம், தெருவோரத்தில் விற்பவர் ஆகியவற்றையும், படிக்குள்ளேயே நாள் முழுதும் நிற்கும் பணிப்பெண்ணையும் தம் பொறுப்பாக ஏற்க அவை பெரும்பாலும் தயங்குகின்றன. இந்தத் தயக்கம் நீங்க வேண்டும். மாநகராட்சியும் அவற்றை மனுதாரராக மட்டும் நடத்துவதை நிறுத்த வேண்டும்.

கடைத்தெரு என்பது தனித்தனிக் கடைகளின் கூட்டுத்தொகை அன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் உருவாக்கிய இந்த அங்காடியில், நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் வந்த தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகத் தொழில் நடத்திவருகின்றனர். நாஞ்சில் நாட்டின் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்ட பின்னரும், ஓணத்தின்போது இந்நகரின் வாசல்களில் இடப்படும் பூக்களத்துக்குத் தோவாளைச் சந்தையின் பூக்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பூ வாங்க வருபவரே பக்கத்துக் கடைகளில் வாழையிலையும் வெல்லமும் வாங்குகிறார்; அந்தப் பூ மூட்டையை இறக்கத் தாமதமானால் மூன்று கடைக்கும் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். சாலைத் தெருவிலேயே கடை நடத்தியவரும், 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவருமான ஆ. மாதவன், தம் கதைகளில் முதலாளிகளை விட்டுவிட்டுச் சுமைகூலிகளையும் தெருவே கதியென்று கிடப்போரையும் முன்னிறுத்தியதை இலக்கியப் பரிவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தெருவை நடத்துபவர் யார் என்பதை அறிந்த ஒரு கடைக்காரரின் கணக்கும் அதில் உண்டு.

சங்கம் தன் பலத்தை நல்ல வழியில் காட்டிய காலமும் இருக்கிறது. 2018 டிசம்பரில் கேரளத்தின் வணிக அமைப்புகள் இனி ஹர்த்தால்களுக்கு ஒத்துழைப்பதில்லை என்று அறிவித்தன. சபரிமலை விவகாரத்தையொட்டி 2019 ஜனவரி 3 அன்று நடந்த ஹர்த்தாலில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெரு வணிகர்கள் அச்சொல்லைக் காப்பாற்றிக் கடைகளைத் திறந்தனர், கடைகள் தாக்கப்பட்டன. ஜனவரி 7 அன்று, ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுப்போர் 7 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. வழக்குத் தொடுத்தவர்களில் கேரள வணிகத் தொழில் சபையும் ஒன்று. கல்லுக்கு அஞ்சி ஷட்டரைப் பாதி இறக்கி நிற்கும் தனிக் கடைக்காரருக்கு இந்தத் துணிவு வந்திருக்காது.

அதே மிட்டாய்த் தெருவிலிருந்துதான் வணிகர் அமைப்புகளுக்குப் பெருமை சேர்க்காத வரலாறும் வருகிறது. துணிக்கடைப் பெண்கள் வேலை நேரத்தில் உட்காரும் உரிமை கேட்டு, ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் வழியே பல ஆண்டுகள் போராடிய பிறகு, 1960ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தை 2018இல் கேரளம் திருத்தியது. தமிழ்நாடும் 2021இல் அதே வழியில் சென்றது. ஆளுக்கொரு முக்காலி போடும்படி சங்கங்களே முதலில் சொல்லியிருந்தால் இதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிராது.

ஓடையின் கதையும் இதுவே. மழையில் தம்பானூரும் கிழக்கேகோட்டையும் மூழ்குவதைத் தடுக்க 2015இல் நடந்த ‘ஆபரேஷன் அனந்தா’வில், நீர்வழிகளை அடைத்திருந்த ஆக்கிரமிப்புகளை அகற்ற மாவட்ட நிர்வாகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கையில் எடுக்க நேர்ந்தது. கடைவாசலின் ஓடைப்பலகையைத் தூக்கிப் பார்ப்பதற்குப் பேரிடர்ச் சட்டமா வேண்டும்? தீயைப் பற்றியும் அவ்வாறே கேட்க வேண்டியுள்ளது. 2019 மே மாதம் அருகிலுள்ள பழவங்காடியில் ஒரு குடைக்கடை எரிந்த பிறகும், சாலையின் சந்துகளில் எதிரெதிர்க் கடைகளின் தார்ப்பாய்கள் ஒன்றையொன்று தொட, அவற்றினூடே மின்கம்பிகள் செல்ல, கீழே சரக்கு மூட்டைகள் பாதி வழியை அடைத்துக் கிடக்கின்றன. அங்கே தீயணைப்பு வண்டி நுழைவது எளிதன்று. தார்ப்பாயை மடக்கு என்று அதிகாரி சொன்னால் அது கெடுபிடி. அதையே பக்கத்துக் கடைக்காரர் சொன்னால் பேச்சுக்கு இடமிருக்கிறது.

சங்கங்கள் மிகவும் சறுக்குவது தெருவோர வணிகர் விஷயத்தில்தான். நடைபாதையில் விற்பவர் தம் வாடிக்கையைப் பறிப்பதாகக் கடைக்காரர் கூறும் புகாரில் உண்மை இல்லாமல் இல்லை; வாடகையும் உரிமக் கட்டணமும் கட்டுபவருக்கு அந்த எரிச்சல் இயல்பு. ஆயினும் 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம், விற்பனை இடங்களைப் பரிந்துரைக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களைத் தெருவோர வணிகருக்கு ஒதுக்கி, அதே குழுவில் வணிகர் சங்கங்களுக்கும் இடம் தந்திருக்கிறது. அப்புறப்படுத்து என்று சாலையில் நின்று முழங்குவதைவிட, எந்த நேரத்தில் எந்த ஓரத்தில் எத்தனை பேர் என்று அந்த மேசையில் பேசி முடிப்பதே கடைக்காரருக்கும் இலாபம். ஆற்றுகால் பொங்கலன்று இதே தெருக்களில் ஓரமெங்கும் செங்கல் அடுப்புகள் நெருங்கி அமைய, ஒரு நாள் முழுவதும் இடத்தைப் பகிர்ந்துகொள்ள இவ்வூருக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கெல்லாம் பணம் வேண்டும். கனடாவின் டொரண்டோ நகரில், புளூர் வெஸ்ட் வில்லேஜ் பகுதி வணிகர்கள் 1970இல் ஒரு வழி கண்டனர்: பகுதியின் எல்லா நிறுவனங்களிடமும் கட்டாயத் தீர்வை ஒன்றை நகராட்சியே வசூலித்து, தெருவை மேம்படுத்த வணிகர் குழுவிடம் ஒப்படைத்தது. பிற நாடுகளும் பின்பற்றிய இந்த ஏற்பாட்டை அப்படியே இங்கு இறக்குவது தவறு. சந்தில் ஒற்றைக் கதவுக் கடை வைத்திருப்பவரும் பல மாடி ஜவுளிக்கடையும் ஒரே அளவு கட்ட முடியாது. தீர்வை பரப்பளவைப் பொறுத்தும், வாக்கு ஆளுக்கு ஒன்றாகவும் இருக்க வேண்டும். வாடகைக் கடைக்காரருக்கும் அந்த வாக்கு வேண்டும். சுமட்டுத் தொழிலாளருக்கும், கடைப் பணியாளருக்கும், தெருவோர வணிகருக்கும் நிர்வாகக் குழுவில் இருக்கை ஒதுக்கி, வரவு செலவை ஆண்டுதோறும் தெருவிலேயே பலகையில் எழுதி வைக்கும் சங்கத்துக்கு, வசூலாகும் தொகைக்கு ஈடான பங்கை மாநகராட்சி தன் நிதியிலிருந்து தருவதாக ஒப்பந்தம் செய்ய வேண்டும். அந்தப் பணத்தில் நடக்க வேண்டிய முதல் வேலை, வரும் மழைக்கு முன் தார்ப்பாய்களை அவிழ்த்து ஒவ்வொரு சந்திலும் தீயணைப்பு வண்டிக்கு வழி விடுவது.