அமெரிக்க நிரந்தர வசிப்புரிமைக்குத் தேவைப்படும் தமிழ்நாட்டுச் சான்றுகள்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், பொருளாளர்,
அமெரிக்காவில் பணிபுரியும் தமிழ் ஊழியர்களும் தமிழ்நாட்டில் உள்ள அவர்தம் பெற்றோரும் சேர்ந்த நலச் சங்கம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம், சென்னை.

பொருள்: நிறுவனம் வழியாக கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும் தமிழர்களுக்கு அனுபவம், கல்வி, பிறப்புச் சான்றுகளை உரிய வடிவில், உரிய காலத்தில் வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் எச்-1பி விசாவில் பணிபுரிகிறவர்கள். கிரீன் கார்டுக்கு மனுப் போடுவது நிறுவனம். ஆனால் எந்தப் பிரிவில் போடலாம் என்பது, பல நேரங்களில், தமிழ்நாட்டிலிருந்து வந்து சேரும் காகிதங்களைப் பொறுத்தே அமைகிறது. அந்தக் காகிதம் கிடைக்காததால் தகுதியிருந்தும் வழி அடைபட்டு நிற்பவர்களுக்காக இம்மனுவை அளிக்கிறோம்.

நிலைமை

வேலைவாய்ப்பு வழிக் கிரீன் கார்டுப் பிரிவுகளில் இபி-2க்கு முதுகலைப் பட்டம் வேண்டும்; அல்லது இளங்கலைப் பட்டமும் அதற்குப் பின் ஐந்தாண்டுப் படிப்படியான பணி அனுபவமும் வேண்டும். இபி-3 பிரிவுக்கு இளங்கலைப் பட்டமோ இரண்டாண்டு அனுபவமோ தேவைப்படும் வேலை போதும். வேலைவாய்ப்பு வழியில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். ஒரே நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 விழுக்காடு என்பது உச்சவரம்பு. ஒவ்வொரு பிரிவின் பங்கிலும் இந்த வரம்பைப் பொருத்தினால், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இபி-2இல் கிடைப்பது ஏறத்தாழ 2,800. இபி-3இலும் ஏறத்தாழ அவ்வளவே. மனைவி, மக்களும் இதற்குள் அடக்கம். பிற நாட்டவர் பயன்படுத்தாத இடங்கள் சில ஆண்டுகளில் வந்தாலும் வரிசை குறைவதில்லை.

இபி-2தான் விரைவு என்று பலரும் நம்புகிறார்கள். அது எப்போதும் உண்மையல்ல. அமெரிக்க அரசின் 2020 அக்டோபர் மாத விசா அறிவிப்பில், இந்தியர்களுக்கான விண்ணப்பத் தேதி இபி-3இல் 2015 ஜனவரி 1 வரை முன்னேறியது. இபி-2இலோ 2011 மே 15இல் நின்றது. இபி-2 ஒப்புதல் பெற்றிருந்த பலர், வரிசையில் தங்கள் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதியை இழக்காமல், இபி-3இல் நிறுவனம் வழியாகப் புதிய மனு (ஐ-140) போட்டார்கள். இரண்டு கதவும் திறந்திருந்தவர்களுக்கே அது கைகூடியது. அனுபவத்தை நிறுவ முடியாமல் இபி-3 மட்டும் வாய்த்தவர், நாளை இபி-2 முந்தும்போது மாற முடியாது. மாற வேண்டுமானால் மீண்டும் அதே சான்றைத் தேடி அலைய வேண்டும்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் பணியாற்றியவர். விலகியபோது கிடைத்தது நான்கு வரிக் கடிதம்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, வாழ்த்து. செய்த வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அமெரிக்கக் குடியேற்றத் துறை கேட்பதோ, முன்னாள் நிறுவனம் தன் பெயர், முகவரி, கையொப்பமிடுபவர் பதவி, ஊழியரின் பணி விவரம் ஆகியவற்றுடன் தரும் கடிதம். அந்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. அவருடைய மனு இபி-3இல் போயிற்று.

மற்றொருவரின் பிறப்புச் சான்றில் பெயர் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. தந்தை பெயரும் முன்னெழுத்தோடு நின்றது. கூடுதல் ஆவணம் கேட்டு அமெரிக்காவிலிருந்து வரும் கடிதத்துக்குப் பதிலளிக்க அதிகபட்சம் 84 நாள்தான். அந்த நாட்களில் எழுபது வயதைக் கடந்த தந்தை, மஞ்சள் பையில் பள்ளிச் சான்றும் குடும்ப அட்டையும் வைத்துக்கொண்டு, பதிவு அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினார். "அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலையே அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

கோரிக்கைகள்

1. பணி விலகும் ஊழியருக்குப் பணி விவரம், முழுநேரமா என்ற குறிப்பு, தேதிகள் ஆகியவற்றுடன் அனுபவச் சான்று வழங்க, தொழிலாளர் துறை வழியாக மாதிரிப் படிவம் வெளியிட வேண்டும். மூடப்பட்ட நிறுவனங்களில் பணியாற்றியவர்கள் வருங்கால வைப்புநிதிப் பதிவுகளைத் துணைச் சான்றாகப் பெற ஆணையரகம் உதவ வேண்டும்.

2. ஐந்தாண்டு அனுபவம் பட்டம் பெற்ற நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. பட்டமளிப்பு விழா தாமதமானால் மாதங்கள் வீணாகின்றன. தற்காலிகப் பட்டச் சான்றின் தேதியை, உரிய சூழலில், கணக்கில் கொள்ளலாம் என்று 2017இல் அமெரிக்கக் குடியேற்றத் துறை ஏற்றுள்ளது. எனவே, பட்டத்துக்குரிய எல்லாத் தகுதிகளும் நிறைவுற்ற நாளைக் குறிப்பிட்டு, பல்கலைக்கழகங்கள் 30 நாளுக்குள் சான்று தர வேண்டும். மதிப்பெண் தொகுப்பும் மெய்த்தன்மைச் சான்றும் ஒற்றைச் சாளரத்தில் கிடைக்க வேண்டும்.

3. பிறப்புச் சான்றில் பெயர் சேர்த்தல், முன்னெழுத்தை விரித்து எழுதுதல், பதிவு இல்லை என்ற சான்று ஆகியவற்றை 15 நாளுக்குள், ஆங்கிலத்திலும் வழங்க வேண்டும். இ-சேவை மையம் வழியாகவோ அதிகாரம் பெற்றவர் வழியாகவோ விண்ணப்பிக்க வகை செய்ய வேண்டும்.

4. 84 நாள் கெடுவுக்கு உட்பட்ட விண்ணப்பங்களைத் தனியே அடையாளமிட்டு முடிக்க, மாவட்டந்தோறும் ஒரு தொடர்பு அலுவலரை நியமிக்க வேண்டும்.

5. இபி-1, இபி-2, இபி-3, நிறுவனம் இன்றியே விண்ணப்பிக்கும் தேசிய நலன் விலக்கு ஆகியவற்றை ஒப்பிட்டு விளக்கும் தமிழ்க் கையேடு வெளியிட வேண்டும். பெர்ம் எனப்படும் தொழிலாளர் சான்றுக்கான வழக்கறிஞர் கட்டணத்தை ஊழியர் தலையில் கட்டக் கூடாது, நிறுவனமே ஏற்க வேண்டும் என்ற 2007ஆம் ஆண்டு விதியை அதில் தெளிவாக அச்சிட வேண்டும். இதை அறியாமல் பணம் கட்டியவர்கள் எங்கள் சங்கத்திலேயே உண்டு.

6. 7 விழுக்காடு வரம்பாலும், 21 வயது நிறைந்ததும் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து பிள்ளைகள் விலக நேரும் நிலையாலும் ஏற்படும் துயரை, ஒன்றிய வெளியுறவு அமைச்சகத்தின் கவனத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

அமெரிக்கச் சட்டத்தை மாற்றும் அதிகாரம் தமிழ்நாட்டு அரசுக்கு இல்லை என்பதை அறிவோம். ஆறாவது தவிர நாங்கள் கேட்பவை யாவும் இங்குள்ள அலுவலகங்களால் தரக்கூடியவை. ஆண்டுதோறும் ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடும் அரசு, அந்தத் தமிழரின் பெற்றோர் ஒரு சான்றுக்காகப் படியேறும் நாட்களையும் குறைத்துத் தர வேண்டும். தாங்கள் இதில் தனிக் கவனம் செலுத்தி ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்

நகல்:
1. உயர்கல்வித் துறைச் செயலாளர்
2. தொழிலாளர் ஆணையர்
3. பொது சுகாதாரத் துறை இயக்குநர் மற்றும் பிறப்பு, இறப்புத் தலைமைப் பதிவாளர்